பனிமலைக்கு ஒரு சோடி சப்பாத்து

தம்பி,

போன சனிக்கிழமை சிற்றியில் மலைச்சாமான் விற்கிற கடையொன்றில் நான் ஒரு சப்பாத்துக்குள் அகப்பட்டுக்கொண்டேன். உள்ளே போன கால் வெளியே வரமாட்டேன் என்றுவிட்டது. கடைக்காரப் பெண்மணிக்கு நரைத்த தலை, வெயிலில் தோலுரிந்த மூக்கு. யாருக்கு வேணும் என்று கேட்டபோது மகனுக்கு என்று சொல்லியிருக்கலாம். என்ன வெட்கமோ தெரியாது, "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். அவ என் வயிற்றையும் அம்மா பின்னின கம்பளிச் சட்டையையும் ஒருமுறை பார்த்தா. முகம் மாறாமல், "எந்த மாதிரி மலை ஏறுவீங்கள்?" என்று கேட்டா. "சின்ன மலை" என்றேன். மவுண்ட் ஆல்பர்ட்டில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டைத்தான் நினைத்துச் சொன்னேன், அதுவும் போன வருசம் பாதியில் திரும்பி வந்தது. காலில் போட்டிருந்த மேஸின் நுனிக் கிழிசலால் பெருவிரல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை மறைக்கிற அவசரத்தில் காலை உள்ளே திணித்தேன், அவ நாலு கொளுக்கியையும் மாட்டினா, அவ்வளவுதான். கழற்றுகிற நேரம் அவ முன்னால் முழங்காலில் நின்றுகொண்டு இழுக்க, சாமான் வாங்க வந்த வேறொரு மனிதர் பின்னால் நின்று என் கமக்கட்டைப் பிடிக்க, தேர் வடம் இழுக்கிற மாதிரி ஒரு காட்சி. சப்பாத்து வந்தபோது நான் பிடித்திருந்த தட்டியில் நின்ற பனிச்சறுக்கு ஸ்கீ எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சரிந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையைச் சொன்னேன். "மகனுக்கு. அவர் கிறைஸ்ட்சேர்ச்சில் இருக்கிறார்." அவ ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதில் இருந்துகொண்டு, "அப்பிடியெண்டால் கேளுங்கோ" என்கிற மாதிரி எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினா.

ஏன் போனேன் என்றால், போன கிழமை நீ ரெலிபோன் எடுத்தாய் அல்லவா. இரண்டு குளிர்காலத்துக்குப் பிறகு மறுபடி ஸ்கீயும் சப்பாத்தும் இரண்டையும் சேர்த்துப் பூட்டுகிற பைன்டிங்கும் வாங்கப் போகிறேன் என்றாய். எங்கே போகப் போகிறாய் என்று கேட்டேன். அதே சரிவுக்கு என்றாய். யாரோடு என்று கேட்டேன். "ஒருத்தரும் இல்லை அப்பா, நான் மட்டும்" என்றாய். அந்த நேரம் ஒரு தகப்பன் சொல்ல வேண்டியது எத்தனையோ இருக்கும். நான் சொன்னது, "சரி, சப்பாத்தின் அளவைப் பார்த்து வாங்கு." ரெலிபோனை வைத்த பிறகு அம்மா கேட்டா, "என்னவாம்?" நான் சொன்னேன், "சப்பாத்து வாங்கப் போறானாம்." அவ்வளவுதான் சொன்னேன். அதே சரிவுக்கு என்று அவவுக்கு இன்னும் தெரியாது. ஆகவே எனக்குத் தெரியாத விசயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த மொழியில் உனக்கு எழுதுகிறேன். இதில் பாதி அந்தப் பெண்மணி சொன்னது, பாதி நான். எது யாருடையது என்று உனக்கு இலகுவாகப் பிடிபடும், ஏனென்றால் அவவுடையது பிரயோசனமாக இருக்கும்.

முதலில் சப்பாத்து. ஸ்கீயை விட்டுவிட்டாலும் சப்பாத்தை விடாதே என்கிறா அவ. நாளெல்லாம் ஏறுகிறவனுக்கு அதுதான் வீடு. நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனியில் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கிச் சாயும்போது விரல் பின்னுக்கு வந்துவிட வேண்டும், குதிக்கால் மட்டும் எந்த நேரமும் அசையக்கூடாது. தோல் சப்பாத்து மாதிரி இந்தப் பிளாஸ்ரிக் நாள் போகப் போக இளகிக் கொடுக்காது. மாட்டிக்கொண்டு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் கடைக்குள்ளேயே நடந்து பார்க்கச் சொன்னா. காலுக்கு ஒரு தடித்த மேஸ், ஒன்றே ஒன்று. இதைச் சொன்னபோது நான் குனிந்துகொண்டேன். உன்னுடைய முதல் சோடியை வாங்க நானும் கூடவே வந்து, "ஒரு அளவு பெரிசாய் எடு, வளருற கால்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அப்போது பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் படிக்கிறவனுக்கு வளருகிற காலாம். எங்கள் ஆட்கள் பிள்ளைக்குச் சரியான அளவில் எதையும் வாங்கினதில்லை. பள்ளிக்கூடச் சப்பாத்தின் நுனியில் பஞ்சடைத்து, தாரா வாத்து மாதிரி உன்னை மவுண்ட் ஆல்பர்ட் தெருவால் நடக்க விட்டவன் நான். நீ மறுத்துப் பார்த்தாய், பிறகு எனக்காக விட்டுக்கொடுத்தாய். இரண்டு மேஸ் போட்டுக்கொண்டு போய், இரண்டு குதியிலும் தோலுரிந்து வந்தாய். அம்மா தாதியம்மா இல்லையா, மருந்து போட்டுக் கட்டினா. "யார் இந்த அளவை எடுக்கச் சொன்னது?" என்று கேட்டா. நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "கடையில மற்ற அளவு இல்லையம்மா" என்றாய். உனக்காக நான் செய்ததைவிட எனக்காக நீ சொன்ன பொய்கள்தான் அதிகம் என்று எனக்குத் தெரியும்.

பைன்டிங்குக்கு மூன்று வேலையாம். ஏறும்போது குதியை விட்டுவிட வேண்டும், இறங்கும்போது குதியைப் பூட்ட வேண்டும், விழும்போது காலையே விட்டுவிட வேண்டும். அந்த மூன்றாவதுதான் கள்ளத்தனமானது. இறுக்கம் கூடினால் முழங்கால் போகும், குறைந்தால் நடுச் சரிவில் ஸ்கீ தனியாகப் போகும். உன் எடைக்கும் ஓட்டத்துக்கும் ஏற்றபடி அதை நீ வாங்குகிற கடையிலேயே திருகிப் பார்த்துத் தருவார்களாம், அதை வேறு ஒருவரும் தொடக்கூடாதாம். "அப்பாமார் முக்கியமாகத் தொடக்கூடாது" என்று அவ சொல்லவில்லை, எனக்கு அப்படிக் கேட்டது. பிஸ்கற் தொழிற்சாலையில் பொதி கட்டுகிறவன் நான், எதைக் கண்டாலும் இன்னும் ஒரு திருகு இறுக்கத்தான் கை போகும். உன்னுடைய பைன்டிங்கை ஒருநாள் கராஜில் பார்த்துவிட்டு, ஏதோ ஆடுகிறதே என்று என் திருப்புளியால் நன்றாக இறுக்கி வைத்தேன். அடுத்த நாள் நீ அதைப் பழையபடி மாற்றி வைத்துவிட்டாய். திருப்புளியைத்தான் காணவில்லை. பிறகு ஒரு வருசம் கழித்து அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து அம்மா எடுத்துத் தந்தா. அவவும் கூட்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஸ்கீ கட்டையானதாக, பாரம் குறைந்ததாக இருக்கட்டும். கையைத் தூக்கினால் மணிக்கட்டு வரை வருகிற நெட்டை ஸ்கீ, இழுவைக் கம்பியில் தொங்கிக்கொண்டு மேலே போகிறவர்களுக்காம். சொந்தக் காலால் ஏறுகிறவனுக்கு அவனைவிடக் கொஞ்சம் உயரமானது போதும். நீ முதலில் நெட்டையானதைத்தான் எடுத்தாய். கோபியிடம் நெட்டை இருந்தது, அதனால்.

கோபியின் பேரை எழுதிவிட்டேன். எழுதாமல் இந்தக் கடிதத்தை முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் தொடங்கினேன்.

ரானுயியில் கார் தகடு அடித்து நிமிர்த்துகிற ஒரு மனிதரின் மகன். பாட்டன் பூட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஃபிஜிக் கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். அவனிடம் மிஞ்சியிருந்த தமிழ் சோறு, தண்ணி, முருகா, இந்த மூன்றுதான். அதை வைத்துக்கொண்டே எங்கள் குசினியில் அவன் ராசா மாதிரி வாழ்ந்தான். உன்னை முதல்முதல் பனிக்குக் கூட்டிக்கொண்டு போனவனும் அவன்தான். பல்கலைக்கழகத்து ஸ்கீக் கழகத்தில் இரண்டு கறுத்தப் பெடியள் ஸ்கீயோடு நின்றால், வழி தவறி வந்தீங்களா என்று கேட்பார்களாம். "ஓம், பீச் எந்தப் பக்கம் என்று கேட்போம் அங்கிள்" என்பான். உன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால், "உங்கட மகன் முட்டைக் கூடை தூக்கிறவர் மாதிரி ஸ்கீ ஓடுவார் அங்கிள்" என்பான். நீ உடனே, "உடையாமல் கொண்டுவந்து சேர்ப்பேன் இல்லையா?" என்பாய். அவன் எழுந்து நின்று உன்னுடைய அந்தப் பயந்த நடையை நடித்துக் காட்டுவான், அம்மா அகப்பையோடு நின்று சிரிப்பா. எல்லாம் இங்கிலிசில்தான். நான் தமிழில் எழுதும்போது அவன் தமிழ் கதைக்கிற மாதிரி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த நேரம் சண்டை நடந்துகொண்டிருந்த ஊரிலிருந்து சித்தப்பா எழுதுகிற கடிதம் ஒவ்வொன்றிலும், பெடியளை வீட்டுக்கு வெளியில் விடப் பயமாயிருக்கிறது என்றிருக்கும். நான் பதில் எழுதினேன், இங்கே அப்படி ஒன்றும் இல்லை, இவன் பனியில் விளையாடப் போய்வருகிறான் என்று. கொஞ்சம் பெருமையாகவே எழுதினேன். அந்தக் கடிதம் அவருக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே கோபி போய்விட்டான்.

நீயும் கோபியும் கடைசியாய்ப் போன அந்தப் பயணத்துக்கு முதல்நாள் நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். இந்த வீட்டில் புதிதாக எது வந்தாலும் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து எடுப்போம். கார் வந்தபோது சக்கரத்துக்குக் கீழ் தேசிக்காய் நசித்தோம், உன் கல்குலேற்றருக்குக்கூடச் சந்தனம் வைத்தோம். நீ புதிதாக வாங்கின ஏறுபட்டையை, ஸ்கின் என்று நீங்கள் சொல்லுவீர்களே, அதையும் அம்மா சாமியறையில் வைத்திருந்தா. ஒரு பக்கம் முன்னுக்கு வழுக்கி, பின்னுக்கு வழுக்காமல் பிடிக்கிற மயிர், மறுபக்கம் ஸ்கீயின் அடியில் ஒட்டிக்கொள்கிற பசை. நான் திருநீறு எடுத்துக்கொண்டு போனேன். மயிர்ப் பக்கம் பூசினால் பனியில் நனைந்து போய்விடும் என்று யோசித்தேன். பார், எவ்வளவு புத்தி. பசைப் பக்கம் பூசினால் நன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கும். மடிப்பைப் பிரித்து, நுனியிலிருந்து அடிவரை, இரண்டு பட்டைக்கும், கை நிறைய அள்ளிப் பூசினேன். பிறகு பழையபடி மடித்து வைத்தேன்.

பாதி மலையில் உன் பட்டை கழன்றது. ஒட்டினாய், கழன்றது. நாடாவால் சுற்றினாய், அதுவும் கழன்றது. நீ இறங்குவோம் என்றாய். அவன், நீ இங்கேயே நில், நான் முகட்டை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். சரிவிலிருந்த பனி கழன்று அவனைக் கொண்டு போனதை நீ கீழேயிருந்து பார்த்தாய். அவன் நெஞ்சில் கட்டியிருந்த சின்ன ரேடியோப் பெட்டியின் சத்தத்தை உன்னுடைய பெட்டியால் தேடித் தேடி, தனி ஆளாகத் தோண்டி எடுத்தாய். நேரம் கடந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த ஆட்களுக்கெல்லாம் அம்மா சொன்னா, "முருகன்தான் காப்பாற்றினவர். திருநீறுதான் பிள்ளையை மேலே போக விடாமல் மறிச்சது." அவவைக் குற்றம் சொல்லாதே. அவ வேலை செய்கிற வார்டில் எத்தனையோ பிள்ளைகளின் கண்ணை மூடிவிட்டவ, தன்னுடையது உயிரோடு திரும்பி வந்ததற்கு அவவுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நாலாவதோ ஐந்தாவதோ ஆளுக்கு அவ இதைச் சொன்னபோது நீ சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினாய். "அப்ப கோபியை விட்டவர் யார்?" என்று கேட்டாய். தமிழில் கேட்டாய். எங்களோடு எப்போதும் இங்கிலிசில் பதில் சொல்லுகிற நீ, அதை மட்டும் தமிழில் கேட்டாய். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்கள். அதே மாதம் நீ கிறைஸ்ட்சேர்ச்சில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

தம்பி, முருகனுக்குப் பசையைப் பற்றித் தெரியுமோ என்னவோ, எனக்கு அதைப் பற்றித் தெரியாது. அதில் அருளும் இல்லை, சதியும் இல்லை. அறியாத ஒரு தகப்பன் ஒட்டுகிற இடத்தில் சாம்பலைப் பூசினான், அவ்வளவுதான். நீ உன்னுடைய பட்டை கழன்றதால்தான் அவன் தனியாகப் போனான் என்று நினைக்கிறாய். நீயும் கூடப் போயிருந்தால் இரண்டு பேரும் பனிக்குள். நீ கீழே நின்றபடியால்தான் ஒருவனாவது தோண்ட இருந்தான். இதை எனக்கு விளங்கப்படுத்தியதும் அந்தக் கடைக்காரப் பெண்மணிதான். அவவுக்கு நம்முடைய கதை தெரியாது, நான் சொல்லவும் இல்லை. அந்த ரேடியோப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னா: "தனியப் போறவருக்கு இது தேவையில்லை. கேட்கிறதுக்கு இன்னொரு ஆள் இல்லாட்டில் இது சும்மா ஒரு பெட்டி." நான் பக்கத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். கால் நோகிறது என்று சமாளித்தேன், அதை அவ நம்பக்கூடிய நிலையில்தான் நான் இருந்தேன்.

இன்னொன்று. போன மாசம் சான்ட்ரிங்ஹாமில் அரிசிக் கடையில் கோபியின் தகப்பனைக் கண்டேன். கோபியை எரித்த அந்தச் சுடலை நாளுக்குப் பிறகு நாங்கள் ஒருவரையொருவர் கண்டால், காணாத மாதிரி வேறு பக்கத்தால் போய்விடுகிற வழக்கம். அன்றைக்கு வழி ஒடுக்கம், இரண்டு பேரிடமும் பத்துக் கிலோ அரிசி. அவர் மூட்டையைக் கீழே வைத்தார். "உங்கட மகன் எப்பிடி அண்ணா?" என்று இங்கிலிசும் அண்ணாவுமாகக் கேட்டார். சுகம் என்றேன். அவர் சொன்னார், "அவனுக்குச் சொல்லுங்கோ, கோபியின்ட முகம் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. கையால தோண்டியிருக்கிறான், மண்வெட்டி முகத்தில பட்டிடும் எண்டு கடைசியில கையால தோண்டியிருக்கிறான். அதை நான் ஒருநாளும் மறக்க மாட்டன்." பிறகு என் மூட்டையையும் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பு வரை வந்தார். நீ கையால் தோண்டினதை எங்களுக்குச் சொல்லவில்லை. உன் விரல்களுக்கு அம்மா கட்டுப் போட்டபோது, சப்பாத்துக் கொளுக்கி வெட்டியது என்று சொன்னாய்.

நீ போகாதே என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நீ போகும் வழியை மட்டும் எங்களுக்கு மறைப்பாய். அந்தச் சரிவில் போய் நிற்காமல் உனக்குத் தீராது என்றால் போ. ஆனால் சரியான அளவில் சப்பாத்து எடு. பைன்டிங்கை அளவாக விட்டு வை. ஏறுபட்டையின் பசையைப் போகுமுன்னம் ஒருமுறை தடவிப் பார். காற்று மாறினால், பனி காலுக்குக் கீழ் சத்தம் போட்டால், முகடு எவ்வளவு கிட்ட இருந்தாலும் திரும்பு. கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. நெஞ்சில் பெட்டி கட்டின, தோண்டத் தெரிந்த ஒருவர். உன்னுடைய துக்கத்தை அவர் விளங்கிக்கொள்ள வேண்டும் என்றில்லை, கொஞ்சத் தூரம் தள்ளி நின்றால் போதும். நீ தனியாகப் போக வேண்டும் என்பது மலைக்காக இல்லை என்று எனக்குப் படுகிறது. உயிரோடு இருப்பதற்கு யாரிடமோ தண்டனை கேட்டுப் போகிறாய். அந்தத் தண்டனை உனக்குரியது இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் சப்பாத்தையும் திருப்புளியையும் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தேன்.

மலையில் அது நடந்த அன்றைக்குப் பின்னேரம் வீட்டில் நான் மட்டும். அம்மா வேலைக்குப் போயிருந்தா. கொடியில் கிடந்த உடுப்பை மழைக்கு முன்னம் எடுத்துக்கொண்டு வந்தபோது ரெலிபோன் அடித்தது. கழகத்திலிருந்து ஒரு இளம் குரல். இரண்டு பெடியளில் ஒருவன் பனிக்குள் அகப்பட்டு இறந்துவிட்டான், மலையிலிருந்து வந்த செய்தியில் யார் என்று இன்னும் தெளிவில்லை, தெரிந்தவுடன் மறுபடி எடுக்கிறோம் என்று சொன்னது. அந்தக் குரலும் அழுதுகொண்டுதான் இருந்தது. நான் நன்றி சொல்லி வைத்தேன். கையில் உன்னுடைய சேட் ஒன்று. சாமியறைக்குப் போகவில்லை, விழவில்லை, ரெலிபோனுக்குப் பக்கத்தில் நின்றபடியே கும்பிட்டேன். என் பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்டிருந்தால் எந்தத் தகப்பனும் கேட்கிறதுதான். நான் அப்படிக் கேட்கவில்லை. காப்பாற்றுகிற நேரம் கடந்துவிட்டது, ஒருவன் செத்தாயிற்று என்று எனக்குச் சொல்லியாயிற்று. மிச்சம் இருந்தது செத்தவன் எவன் என்பது மட்டும். எங்கள் வீட்டுக் கோப்பையில் சாப்பிட்ட பிள்ளை, என்னை அங்கிள் என்று கூப்பிட்ட பிள்ளை, அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டுதான், வாய் அசையாமல், அவனுடைய பேரைச் சொன்னேன்.